முதல் ஃபெர்ரிக்கு முந்தைய மேய்ச்சல்

எங்கள் ஆடுகள் ஃபெர்ரி நேரத்துக்கு மேய்ந்தன. அந்தமானில், பாம்பூஃப்ளாட்டிலிருந்து முதல் ஃபெர்ரியைப் பிடித்து அப்பா அக்கரையில் அலுவலகம் போகவேண்டும். அதனால் விடிந்தும் விடியாமலும் கொட்டிலைத் திறந்து, நான்கு ஆடுகளையும் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் விட்டுவிடுவார். மழைக்காலத்தில் மேடு முழுக்கப் புல், புல் முழுக்க ஈரம். இவ்வளவு பசுமையில் ஆடு மெலியும் என்று யார் நினைப்பார்கள்?

கறுப்புக் கிடா மெலிந்தது. கழிந்து கழிந்து வால் நனைந்தது, கண்ணிமையின் உட்புறம் வெளுத்தது, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. கால்நடை ஆஸ்பத்திரியில் அம்மா வாங்கிவந்த பூச்சி மருந்தில் தேறும். மேட்டுக்குப் போய் மறுபடியும் படுத்துவிடும்.

மாமா கட்டட கான்ட்ராக்டர். தளம் போடும் நாளில் ஆட்களுக்குக் கிடா விருந்து வைப்பது அவர் வழக்கம். ஒருநாள் வந்து கிடாவின் தாடையில் தொங்கிய வீக்கத்தைத் தட்டி அதனிடமே கேட்டார்.

"என்ன மருமவனே, பையை மாட்டிக்கிட்டு பஜாருக்குக் கிளம்பிட்டியா?" அப்பாவிடம் திரும்பி, "சாவுறதுக்குள்ள குடுத்துடுங்க மச்சான். ஞாயித்துக்கிழமை தளம்" என்றார்.

அப்பா தலையாட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன். என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன. ஒன்று, அது என் ஆடு. இரண்டு, அது இன்னும் சாகவில்லை. மூன்றாவதைச் சொல்லுமுன் மாமா சிரித்துவிட்டார்.

"பாகல் ஹை க்யா, பைத்தியமா? சீக்கு ஆட்டுக்கு வக்கீலா நீ?"

"ஆமா. குடுக்க மாட்டேன்."

"நீ ஸ்கூலுக்குப் போனதும் மேட்டுலேர்ந்து பிடிச்சிட்டுப் போவேன். என்ன செய்வே?"

மேட்டுக்குப் போனால்தானே! அன்றே கிடாவைச் சமையலறைச் சன்னலுக்கு நேரே, அம்மாவின் கண்ணெதிரில் கட்டினேன். அம்மா இன்னொரு முறை மருந்து புகட்டினாள். தினமும் பள்ளிக்குமுன் பலாக்கிளை ஒடித்துவந்து அதன் முகத்துக்கு நேராகத் தொங்கவிட்டேன்.

"புல்லு கொட்டிக் கெடக்கு, இவ மரம் ஏறுறா" என்று அப்பா முனகினார்.

ஞாயிறன்று மாமா கயிறோடு வந்தார். நான் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். சன்னலிலிருந்து அம்மா, "டேய், பிள்ளைய அழவைக்காத. கோழி வாங்கிப் போட்டுக்க, போ" என்றாள். நான் அழவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கிடா தேறியது. தாடை வீக்கம் வடிந்து, மாமாவை ஒருமுறை முட்டவும் செய்தது. என் பிடிவாதம்தான் அதைக் காப்பாற்றியது என்று வீடே ஒப்புக்கொண்டது. இன்றைக்கும் அந்தத் தீர்ப்பை யாரையும் திருத்த விடமாட்டேன்.

ஆனால் இப்போது ஆட்டுப் புழுக்கையை நுண்ணோக்கியில் பார்ப்பது என் தொழில். புழுக்கையிலுள்ள முட்டைகள் பொரிந்து, புழுக்குஞ்சுகள் ஈரத்தோடு புல்லில் ஏறும். காலைப் பனியோடு மேயும் ஆட்டின் வயிற்றுக்குள் போய் ரத்தம் குடிக்கும். உயரத்தில் தொங்கும் பலா இலைக்கு அவை வருவதில்லை.

அன்று நானாக இருந்த சிறுமிக்கு இது எதுவும் தெரியாது. அவள் பயந்தது மாமாவின் கைக்கு மட்டும்தான். அதனால், அப்பா நேரமாகி ஃபெர்ரிக்கு ஓடிய காலைகளில், ஈரம் காயுமுன்பே மற்ற மூன்றையும் அவளே மேட்டுக்கு விரட்டிவிட்டாள். அவற்றைத்தான் யாரும் கேட்டு வரவில்லையே.