கால் கிலோ கேமரா

மலையேறும்போது மூச்சு வாங்கியதற்கு முழுப் பழியையும் நான் கேமராவின் மேல்தான் போட்டேன். பழைய கேமரா அது. நீள லென்ஸோடு சேர்த்துத் தூக்கினால் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. கழுத்தில் மாட்டினால் கழுத்து வலிக்கும், பையில் போட்டால் தோள் வலிக்கும். ஊத்துக்கோட்டை தாண்டி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் போவோம், நானும் என் மனைவியின் தம்பியும். இரண்டு பேருக்கும் கும்மிடிப்பூண்டியில் ஒரே வார்ப்படத் தொழிற்சாலை, ஒரே ஷெட். வார்த்த இரும்பில் ஒட்டியிருக்கும் மணலை மெஷினில் தேய்த்து எடுக்கிற வேலை.

மலையில் முதல் ஓடையைத் தாண்டியதும் ஒரு சாய்ந்த பாறை வரும். முன்பெல்லாம் அதன் மேல் ஏறி நின்று படம் எடுப்பேன். போன வருடம் அதில் உட்கார ஆரம்பித்தேன்.

"இன்னா மாமா, இங்கயே குந்திக்கின?" என்று மச்சான் கேட்டான். கேமரா வெயிட்டு என்றேன். அவன் நம்பினான். நானும் நம்பினேன்.

ஒரு சட்டை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவன் நான். லேசான புதுக் கேமரா வாங்குவது என்றால் கேட்கவா வேண்டும்? மாதக்கணக்கில் வீடியோ பார்த்தேன். மிரர்லெஸ் என்கிற புது வகைக் கேமராக்கள் லேசாகத்தான் இருந்தன, ஆனால் பறவைகளைப் படம் எடுக்கிற நீள லென்ஸை மாட்டியதும் பழைய கனம் திரும்ப வந்துவிடும். கடைசியில் பறவைகளை விட்டுக்கொடுத்தேன். தூறலைத் தாங்க வேண்டும், வெயிலில் திரை தெரிய வேண்டும், பேன்ட் பாக்கெட்டில் அடங்க வேண்டும், போதும். தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இதே பேச்சு. ஒரு நாள் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"நீ படுத்துக்கினு கீறப்போகூட நெஞ்சுல உய்யினு சத்தம் வருது. அப்போ இன்னா, கேமராவயா மாட்டிக்கினு கீற?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் ஷெட்டில் இருமாதவன் யார் என்று கேட்டுவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். அன்று இரவு மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுத்தேன், அவளுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று.

பழையதைக் கொடுத்துப் புதிது வாங்கச் சென்னையில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் லென்ஸைக் கழற்றி ஒரு சின்ன டார்ச்சை உள்ளே அடித்தார். பிறகு, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். என்னையும் பார்க்கச் சொன்னார். கண்ணாடிகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் மங்கலாகப் படிந்திருந்தது.

எதை வைத்துச் சுத்தம் செய்கிறீர்கள் என்றார். பெருமையாகவே சொன்னேன். ஷிப்டு முடிந்ததும் கம்ப்ரசர் காற்றுக் குழாயை எடுத்து உடம்பில் இருக்கும் தூசியை ஊதிவிடுவது எங்கள் பழக்கம். முதுகு எட்டாது, அதனால் இரண்டு இரண்டு பேராக நின்று ஒருவர் முதுகை ஒருவர் ஊதிவிடுவோம். பிள்ளைகளைத் தூக்குகிற சட்டையோடு தூசி வீட்டுக்கு வரக் கூடாது இல்லையா? வேலைதான் முடிந்துவிட்டதே என்று மூக்கில் கட்டிய துணியை முதலில் அவிழ்த்துவிடுவோம், அப்புறம்தான் ஊதுவோம். மலைக்குப் போய்வந்த மறுநாள் கேமராவையும் அதே குழாயால் ஊதுவேன்.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க ஊதித்தான் சார் உள்ள தள்ளியிருக்கீங்க" என்றார்.

கழற்றித் துடைத்தால் போய்விடுமா என்று கேட்டேன். போகாது என்று அவர் தலையை ஆட்டினார். இந்தத் தூசி கண்ணாடியையே கீறிவிட்டது, துடைத்தால் இன்னும் கீறும் என்றார். அந்த லென்ஸுக்கு அவர் ஒன்றும் தரவில்லை. நான் பேரம் பேசவும் இல்லை. பாக்கெட்டில் அடங்குகிற கால் கிலோ கேமராவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு மலைக்குப் போனோம். புதுக் கேமரா என்பதால் மச்சான் ஆசையாக வாங்கி வைத்துக்கொண்டான். தண்ணீர்ப் பாட்டில்கூட அவனிடம்தான். ஓடையைத் தாண்டினோம். பாறைவரைகூட நான் போய்ச் சேரவில்லை. முன்னாலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். எவ்வளவு இழுத்தாலும் காற்று பாதிவரைதான் போயிற்று. மேலே போனவன் திரும்பி இறங்கி வந்தான்.

"மாமா, இப்போதான் உன் கையில ஒண்ணுமே இல்லியே" என்றான். பயந்துபோயிருந்தான்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டரும் முதலில் கேட்டது, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றுதான். அந்தக் கேள்வியிலேயே எனக்கு மீதி தெரிந்துவிட்டது. இனிமேல் தூசிப் பக்கம் போகவே கூடாது என்றார். நுரையீரலில் போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார்.

வேறு வேலை கேட்க மறுநாள் தொழிற்சாலை ஆபீசுக்குப் போனவன், ஷிப்டு முடிகிற நேரத்தில் ஷெட்டை எட்டிப் பார்த்தேன். மச்சான் மூக்குத் துணியை அவிழ்த்துவிட்டுக் காற்றுக் குழாயோடு நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, குழாயை என் கையில் கொடுத்துவிட்டு வழக்கம்போலத் திரும்பி முதுகைக் காட்டினான். சட்டை முழுக்க வெள்ளைப் பொடி.

நான் வால்வை மூடினேன்.

"இன்னா மாமா, ஊது" என்றான் திரும்பாமலே. சொல்லிவிட்டு இருமினான். சின்ன இருமல்தான். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.