லாபம், ரெண்டு என்று எண்ணியவன்

பம்பாயில் மே மாத வெயிலில் கம்பளிச் சட்டை போட்டு வேலைக்குப் போகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தாராவியில் எங்கள் சந்தில் குடியிருக்கும் தோல்பட்டறை இசக்கி தினமும் வழிமறிப்பான்: "ஏ மாப்ளே, காய்ச்சலா, கிறுக்கா? ஒண்ணச் சொல்லிட்டுப் போடே!" கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது, அதற்காக ஓர் அறையையே ஊட்டியாக்கி வைத்திருக்கிறார்கள் என்றால் நம்பமாட்டான். அந்தச் சட்டைக்குள் நான் நடுங்குவது குளிரால் மட்டுமில்லை என்பதை அவனிடம் சொன்னதில்லை.

செம்பூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் ஆபரேட்டர். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு பெரிய தப்பு போதும், வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். மாஹிமில் சுவர்தோறும் மதராஸிகளைப் போகச் சொல்லிக் கரியால் எழுதியிருக்கிற நாட்கள் இவை. வெளியே வந்தால் வேறு யார் சேர்ப்பார்கள்? எங்கள் இயந்திரத்துக்கு மூளை இரண்டு. பிராசஸர் என்பார்கள், ஒவ்வொன்றும் பீரோ அளவு. வேலையை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்றைப் பழுதுபார்க்க வேண்டுமானால், அதை விலக்கச் சொல்லி நான் டைப்ரைட்டரில் கட்டளை தட்ட வேண்டும். பாரம் முழுவதும் மற்றதன் தலைக்கு மாறும். பதிலை டைப்ரைட்டர் தானே அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் எஞ்சினியர் சுவிட்சை அணைப்பார். விலக்காமல் அணைத்தால் உள்ளே ஓடுவதெல்லாம் பாழ்.

சென்ற வாரம் எஞ்சினியர் தேஷ்பாண்டே பீரோவுக்குப் பின்னாலிருந்து கத்தினார்: "ஏ அண்ணா, தூஸ்ரா பந்த் கரோ!" இரண்டாவதை நிறுத்தவேண்டும். பயத்தில் படித்தது பூராவும் மறந்து, திருநெல்வேலியில் நெல் அளக்கும் என் அப்பா மட்டும் நினைவில் நின்றார். அவர் வாயில் ஒன்று என்று வரவே வராது. முதல் மரக்கால் லாபம், அடுத்தது ரெண்டு. நானும் பீரோக்களைக் கண்ணால் அளந்தேன்: லாபம், ரெண்டு. 2 என்று தட்டிவிட்டேன். ஆனால் இயந்திரம் பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதற்கு இரண்டாவது பீரோவின் பெயர் 1. பயிற்சியில் இதைச் சொன்னபோது, "எங்க ஊர்லயும் ஒண்ணுல ஆரம்பிக்க மாட்டோம் சார்" என்று பெருமையடித்த மேதாவி நான்தான்.

டைப்ரைட்டர் கடகடவென்று அடித்தது: அப்படியொரு பிராசஸரே இல்லை. தேஷ்பாண்டேவுக்குச் சத்தம்தான் கேட்டது. கை சுவிட்சுக்குப் போயிற்று. ஒரு விஞ்ஞானியின் கணக்கு காலையிலிருந்து உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இந்தியும் இங்கிலீஷும் என்னை நட்டாற்றில் விட்டுவிட்டன.

"யய்யா, வேண்டாம்! கைய எடும்வே!"

அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் கை நின்றது. அவசரமாக 1 தட்டினேன். இந்தத் தடவை விலகியது. அவர் வந்து தாளைப் பார்த்துவிட்டு, "க்யோம் தோ?" என்றார். ஏன் இரண்டு? தெரிந்த அரைகுறை இந்தியில் அப்பாவையும் மரக்காலையும் விளக்கினேன். அவர் முகம் மாறியது. அவருடைய சித்தப்பாவும் ஊரில் சோளம் அளக்கையில் லாபம் என்றுதான் தொடங்குவாராம். சேதமில்லை, மேலிடத்துக்குச் சொல்லமாட்டேன் என்றார். பிறகு கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் இந்தியில் சொன்னார்:

"அடுத்த தடவை கத்துவதானால், இந்தியில் கத்து."

சுவிட்சை அணைத்துவிட்டு, டார்ச்சை என் கையில் கொடுத்தார். அணைந்துபோன பீரோவுக்குள் வெளிச்சம் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நின்றேன். எதிரே இருந்தது மெல்லக் குளிர்ந்துகொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் மற்றது முழுப் பாரத்தையும் சுமந்து இரைந்துகொண்டிருந்தது. அதன் சூடு என் மேல் பட்டுக்கொண்டேயிருந்தது.