சுவரில் ஒட்டிய கண்ணாடித் துண்டு

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. திண்டிவனத்துக்கு வெளியே, ஒரு செம்மண் மேட்டின் விளிம்பில் என் வீடு. கணவர் இறந்துவிட்டார், மகள் கல்யாணமாகி விழுப்புரம் போய்விட்டாள். துணைக்குத் தையல் மிஷின் மட்டும்தான். நான் அதனிடம் பேசுவேன், அது பதில் சொல்லாது.

அந்த வருஷம் சாலையை அகலப்படுத்த மேட்டை வெட்டினார்கள். வெட்டு என் சமையலறைக்குப் பின்புறம் வரை வந்துவிட்டது. மண் சரியாமலிருக்க ஒரு புது முறையில் வேலை நடந்தது. ஆளுயரத்துக்கு வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் துளை போட்டு, நீளமான இரும்புக் கம்பிகளைச் செருகி, சிமென்ட் பால் ஊற்றி இறுக்குவார்கள். மேலே கம்பி வலை கட்டிப் பூசிய பிறகுதான் அடுத்த ஆளுயரம். கம்பிகள் என் வீட்டுக்கு அடியில்தான் போயின. துளை போடும்போது தரை அதிர்ந்து ஊசிப் பெட்டி நகரும். வீட்டில் யாரோ நடமாடுவது போலிருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

சமையலறைச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. சாலை வேலையைப் பார்த்த இன்ஜினியர் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டினார். மண் நகர்ந்தால் இது உடையும், உடைந்தால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்றார். அன்று முதல், ஆட்கள் வேலைக்கு இறங்குமுன் மேஸ்திரி கீழேயிருந்து குரல் கொடுப்பார்.

"அக்கா, கண்ணாடி எப்டி கீது?"

"அப்டியே கீதுப்பா."

நாள் முழுக்க என்னிடம் யாராவது கேட்கும் ஒரே கேள்வி அதுதான். அதற்காகவே சீக்கிரம் எழுந்து தலை வாரிக்கொள்வேன். சிரிக்காதீர்கள்.

ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. போனால் மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவள் மாமியாரின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கீழே, வெட்டி இன்னும் கம்பி போடாத மண்சுவர் நனைந்து நின்றது. அதனடியில் இறங்க ஆட்கள் காத்திருந்தார்கள். வழக்கமான குரல் வந்தது.

அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் என் வீட்டிலேயே இருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"ஒடைஞ்சிடுச்சுப்பா. யாரும் எறங்காதீங்க."

மேஸ்திரி மறுகேள்வி கேட்கவில்லை. எல்லோரையும் விலக்கிவிட்டு, இரண்டு பேரோடு மேலே வந்து என்னையும் மிஷினையும் வெளியேற்றினார். மதியத்துக்குள் மண்சுவர் சரிந்து, என் சமையலறையையும் இழுத்துக்கொண்டு போனது.

மகள் வீட்டில் சில மாதம் தள்ளிவிட்டுத் திரும்பினேன். சரிவு முழுக்கக் கம்பி போட்டுப் பூசியாகிவிட்டது, ஆட்களும் வேறு ஊர் போய்விட்டார்கள். மிச்சமிருந்த அறையின் சுவரில் யாரோ புதுக் கண்ணாடி ஒட்டியிருந்தார்கள்.

அது இன்றுவரை உடையவில்லை. காலையில் அதைப் பார்த்து, "அப்டியே கீதுப்பா" என்று உரக்கவே சொல்கிறேன். கேட்க ஆளில்லைதான், ஆனால் அன்று கேட்டவர்கள் எங்கோ உயிரோடு வேலை பார்க்கிறார்கள் என்ற நினைப்புதான் இந்த ஒற்றை அறையில் எனக்குத் துணை.