பக்கத்து வீட்டோடு நின்ற டைப்ரைட்டர்

ஒரு பெண்ணை ஆபீஸ் டூருக்கு அனுப்பலாமா என்று எங்கள் மேனேஜர் நாள்கணக்கில் யோசித்தார். கோட்டைப் பகுதியில் டைப்ரைட்டர் விற்கிற கம்பெனி. வாங்க வருகிறவர்களுக்கு அடித்துக் காட்டுவது நான். பூனாவில் ஒரு மில்லுக்குப் புது மாடலைக் காட்ட வேண்டும் என்றபோது, "அடிக்கறவ போகாம வேற யார் சார் போறது?" என்று கேட்டேவிட்டேன். "சரி, இந்த ஒரு தடவை. காரியம் கெட்டால் இனி லேடீஸ் டூரே கிடையாது" என்றார். செம்பூரில் அப்பாவைச் சம்மதிக்க வைத்தது தனிப் போர்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். மாதுங்காவிலிருந்து சீனியர் சேல்ஸ்மேன், தாராவியிலிருந்து மெக்கானிக். மெஷினைச் சனிக்கிழமையே சீனியர் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

ரயில் கல்யாணை நெருங்கும்போது மெக்கானிக் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "மெஷினு எங்க சார்? நீங்க டாக்சியிலயே ஏத்திட்டியன்னுல்லா நெனச்சேன்."

சீனியருக்கு முகம் வெளிறியது. "ஐயோ, பரஸ்தானம்" என்றார்.

நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், முன்கூட்டியே நேரம் பார்த்து ஒரு சாமானைப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. எங்கள் வண்டியோ திங்கட்கிழமை காலை, நல்ல ராகு காலத்தில். மற்றவர்கள் ஒரு வேட்டி துண்டை வைப்பார்கள். இந்த மகானுபாவர், மெஷினுக்காகத்தானே பயணம் என்று மெஷினையே வைத்திருக்கிறார். காலையில் எடுக்க மறந்து டிபன் கேரியரோடு டாக்சி ஏறிவிட்டார்.

"சகுனமே சரியில்லை. எல்லாருமா திரும்பிடலாம். தந்தி குடுத்துக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திரும்பினா மேனேஜர் உங்களையா சார் சொல்லுவார்? பொம்பளை கூடப் போனா, அதான் இப்படின்னுவார். நான் போய் எடுத்துண்டு வரேன்."

"நான் போறேம்மா" என்றார் மெக்கானிக்.

"பகல்ல ஆம்பளைகள் இல்லாத வீடு. உங்களை யாருன்னு நம்பிக் குடுப்பா? சாரைத்தான் மில்லுல தெரியும், அவர் அங்க போயாகணும். நான் வர வரைக்கும் அந்த மில் மேனேஜரை எங்கயும் போக விடாதீங்கோ, அது போதும்."

"அங்க இருக்கற பழைய மெஷினையெல்லாம் கழட்டிப் போட்டுருதேன். மாட்டி முடிக்கிற வரைக்கும் எங்க போவாரு?"

கல்யாணில் இறங்கி லோக்கல் பிடித்து மாதுங்கா வந்தேன். பக்கத்து வீட்டு மாமி மெஷின் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "வெச்சவா வந்துதான் எடுக்கணும். வேற யார் எடுத்தாலும் போற காரியம் நடக்காதாக்கும்."

"வெச்சவர் பூனாவுக்கே போயாச்சு மாமி. எனக்கு வேலை போச்சுன்னா நேரா உங்க வாசல்லதான் வந்து உட்காருவேன்."

மாமி நகர்ந்துகொண்டாள். அந்தப் பெட்டியின் கனம் சொல்லி மாளாது. கை மாற்றி மாற்றித் தூக்கி, கூலியிடம் சண்டை போட்டு, அடுத்த வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் பயம்தான். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மில்லில் மேஜை மேஜையாக மெஷின்கள் பிரிந்து கிடந்தன. நடுவில் மெக்கானிக் சாவகாசமாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மில் மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் முகம்கூடக் கழுவாமல் பெட்டியைத் திறந்து, அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ஆர்டர் கிடைத்தது.

திரும்பும்போது சீனியர் மெதுவாகச் சொன்னார். "ஆபீஸ்ல இதைச் சொல்லிடாதேம்மா. என் மானம் போயிடும். உனக்கென்ன, நாளைக்குக் கல்யாணமாகிப் போயிடுவே."

"நான் சொல்லப் போறதில்லை. நீங்கதான் சொல்லணும். மேனேஜர்கிட்ட, என் எதிர்ல."

மறுநாள் சொன்னார். கழுத்தைத் துடைத்துத் துடைத்து, ஒன்று விடாமல் சொன்னார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். மேனேஜர் சிரிக்கவில்லை. "அப்போ அடுத்த மாச நாக்பூர் டூருக்கு யாரு?" என்றார்.

"அவளே போகட்டும் சார்" என்றார் சீனியர்.

டூர் ஆர்டர்களை டைப் அடிப்பது நான்தான். பூனாவுக்கு, 'உடன் ஒரு டைப்பிஸ்ட்' என்று அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். நாக்பூருக்கு யாரையும் கேட்கவில்லை. என் முழுப் பெயரை முதல் வரியில் அடித்துக் கையெழுத்துக்கு நீட்டினேன்.