காகத்துக்கு நான் காட்டிய மரம்

நாள் முழுக்க 'வேண்டாம்' என்று சொல்லிச் சம்பளம் வாங்குவது என் வேலை. நான் குடியேறிய லாசாலில் ஆற்றுக்குள் நீண்டு கிடக்கிறது ஒரு நிலமுனை. அங்கே நீரோட்டம் வேகம் என்பதால் மாரிக் குளிரிலும் தண்ணீர் உறையாது. வாத்துகள் குளிர்காலத்தை அங்கேதான் கழிக்கும். கரையிலுள்ள பெரிய மரத்தில் ஒரு சோடிப் பருந்து வருடந்தோறும் குஞ்சு பொரிக்கும். அந்தப் பறவைச் சரணாலயத்தின் காவலாளி நான். வாசலில் நின்று பேச்சு வாங்கும் சகோதரர்களே, உங்களுக்குப் புரியும்.

பழைய பாண்

வாத்துக்குப் பாண்ரொட்டி போடக் கூடாது, நோய் பிடிக்கும். தை மாதக் குளிரில் ஒரு பெரியவர் பை நிறையப் பழைய பாணோடு வந்தார். பிரெஞ்சில் விளக்கினேன், ஆங்கிலத்திலும் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பெயர் அட்டையைப் பார்த்தார்.

"தம்பி, நீர் சாப்பிட்டிட்டுத்தானே வந்து நிக்கிறீர்?"

புரட்டாசிச் சனி

நம்மவர்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலிருந்து ஒரு பெண் எள்ளுச்சோற்றுடன் வந்தாள். சனி விரதம், காகத்துக்கு வைக்காமல் சாப்பிட முடியாது. பல்கனியில் வைத்தால் வீட்டுச் சொந்தக்காரன் சத்தம் போடுகிறானாம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றாள். எனக்கு மனம் கேட்கவில்லை. பருந்துகள் கூட்டை விட்டுப் போயிருந்த காலம்; மேலதிகாரியின் கண்ணில் படாதென்று அந்தப் பெரிய மரத்தடியை நானே காட்டினேன். அடுத்த சனி நாலு கார் வந்தது. கடைசிச் சனியன்று அவள் வெறும் இலையைச் சுருட்டியபடி மகிழ்ந்து சொன்னாள்:

"அண்ணை, இஞ்சத்தைக் காகத்தைக் கூப்பிடவே தேவையில்லை, எங்கட காரைக் கண்டாலே வருது."

சித்திரை

காகங்கள் போகவில்லை. பருந்து திரும்பி வந்து முட்டையில் இருந்தபோது அந்த மரம் கறுத்துக் கிடந்தது. தாய்ப்பருந்து எழும்பினால் முட்டை போச்சு, இருந்தால் தலையில் கொத்து. நான் கல்லெறிந்தேன், கத்தினேன், ஒரு நாள் அழுதும் விட்டேன். பத்தாம் நாள் மரத்தடியில் உடைந்த முட்டை ஓடுகள் கிடந்தன. பருந்துகளைக் காணவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்தக் கூட்டைக் கவனித்து வந்த மேலதிகாரி சில்வி, ஓடுகளைக் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"இவ்வளவு காகம் இங்கே ஒருநாளும் வந்ததில்லை. உனக்கு ஏதும் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன். அந்த மரத்தை ஊரிலுள்ள எல்லோரிடமிருந்தும் காத்த நான், என்னிடமிருந்து காக்கத் தவறிவிட்டேன்.