இளவரசி வெட்டிய பிறை

இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிக்கும் மாயக்கதைகளில் எனக்கு முதலில் பிடிக்காதது, அட்டையைத் திறந்ததும் பல்லிளிக்கும் வரைபடம். கோல சிலாங்கூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தலையணை கனத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். "படிச்சுப் பாருங்க பாட்டி, நல்லா இருக்கும் லா" என்று என் மடியில் வைத்துவிட்டுப் போவாள். வரைபடத்தில் மலை, ஆறு, சாபம் பிடித்த காடு எல்லாம் இருக்கும். பேசும் ஓநாயோடும் பறக்கும் கப்பலோடும் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. பதினேழு பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி அந்தக் காட்டுக்குள் தனியாக நுழையும் இடம் வரும். அங்கே புத்தகத்தை மூடிவிடுவேன். எனக்கு இந்த வகைக் கதைகள் மேல் கோபம், அதற்குக் காரணம் என் அக்கா.

கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசாங்கம் கொண்டுவந்த அவசரகாலத்தில் நாங்கள் கலும்பாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, வேலைக்குப் போகிற பெண்களை கேட்டில் நிறுத்தி மடியை உதறிக் காட்டச் சொல்வார்கள். அக்காவுக்குப் பதினெட்டு வயது. பால் மரம் வெட்டினாள், ரப்பர் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. படிப்பு ஏறாதவள் இல்லை, யாரும் படிக்க வைக்காதவள். எனக்குப் பன்னிரண்டு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

துணி மூட்டையோடு வரும் வியாபாரி ஒருவரிடம் அம்மா சேலை எடுத்தபோது, அட்டை போன ஒரு மாயக்கதைப் புத்தகத்தை அவர் என்னிடம் சும்மா கொடுத்தார். மதியம் அக்கா பாலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுக் குளித்து வருவாள். ஈரத் தலையோடு வாசலில் உட்கார்வாள், நான் வாசிப்பேன். அதில் விரித்தால் விருந்து வரும் ஜமக்காளம் ஒன்று இருந்தது. தோட்டத்தில் அளந்து கொடுத்த அரிசியில் நாங்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரம். "நம்மகிட்ட இருந்தா கேட்டுல அதையும் புடுங்கிக்குவான் லா" என்று அக்கா சிரித்தாள். அவள் அப்படி வயிறு குலுங்கச் சிரித்தது அந்தப் புத்தகத்துக்கு மட்டும்தான். அந்த ஒன்றுக்காகவாவது அந்தப் புத்தகத்தை முழுசாக வெறுக்க முடியாமல் தவிக்கிறேன்.

கதை இதுதான். கொடுங்கோல் ராஜாவிடமிருந்து தப்பி ஓர் இளவரசி காட்டுக்குப் போகிறாள், பூதங்களைப் படையாகத் திரட்ட. அந்தக் காட்டில் மரங்கள் இரவில் இடம் மாறிவிடும். ஆகவே அவள் வாளால் மரத்துக்கு மரம் ஒரு பிறை வெட்டிக்கொண்டே போகிறாள். பிறை வெட்டிய மரம் நகராது, திரும்பி வர வழி இருக்கும். இந்த இடத்தை அக்கா திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவள் பால் வெட்டுகிற மர வரிசையை, அவளுடைய நிரையை, மாற்றிக் கொடுத்தார். மலைச் சரிவில், காட்டை ஒட்டின கடைசி மரங்கள். புல் வெட்டுகிறவர்கள்கூடப் பயத்தில் எட்டிப் பார்க்காத இடம், காலையில் பனி மூடிக் கிடக்கும். அக்கா ஒவ்வொரு மரத்திலும், பால் வடியாத பின்பக்கத்தில், கத்தியால் சின்னதாய் ஒரு பிறை வெட்டிவிட்டு வந்தாள். விளையாட்டாகச் செய்தாளா, நம்பித்தான் செய்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "இனிமே அந்த மரம்லாம் நகராது" என்று என் காதில் சொன்னாள்.

காட்டில் இருந்தவர்கள் தோட்டத்துக்கு நஷ்டம் வர ரப்பர் மரங்களைக் கொத்திப் போடுகிற காலம் அது. பட்டையில் அநாவசியமாக ஒரு கீறல் கண்டாலே துரைக்கு ரத்தம் கொதிக்கும். ரோந்து வந்த சிப்பாய்கள் கண்ணில் பட்டதோ காட்டைப் பார்த்து வரிசையாகப் போகும் பிறைகள். காட்டுக்காரர்களுக்கு வழி காட்டும் அடையாளம் என்று முடிவு கட்டினார்கள். அது யாருடைய நிரை என்று கேட்டார்கள். அக்காவை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அப்பா என்னையும் புத்தகத்தையும் இழுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். "இது கதைன்னு காட்டிட்டா போதும், வுட்டுருவாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் அப்படியே நம்பினேன். வெள்ளைக்கார அதிகாரி முன்னால் என்னை வாசிக்கச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற தமிழர் ஒருவர் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். கொடுமை செய்யும் ராஜா. காட்டுக்குப் போகும் பெண். படை. மரத்தில் அடையாளம். வாசிக்க வாசிக்க என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"அந்த ராஜா யாருன்னு தொரை கேக்குறாரு. காட்டுல இருக்கிற பூதம் யாராம்?"

"பூதம் பூதம்தாங்க" என்றேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அக்காவைக் காப்பாற்ற நாங்கள் கொண்டுபோனதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. கதையில் வரும் ராஜா யார் என்று கேட்கிறவனுக்கு எந்தக் கதையையும் விளக்க முடியாது. அன்றைக்கு எனக்குள் ஏதோ செத்துப்போனது, அப்புறம் அது பிழைக்கவே இல்லை.

பல மாதம் கழித்து, அவளை அடைத்து வைத்திருந்த தடுப்பு முகாமில் அவளைப் பார்க்க விட்டார்கள். நானும் அப்பாவும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம். அக்கா கறுத்து இளைத்துப் போயிருந்தாள். அம்மாவைப் பற்றி விசாரித்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கத என்னா ஆச்சு? திரும்பி வந்தாளா?"

முடிவுக்கு முன்னாலேயே புத்தகம் எங்கள் கையைவிட்டுப் போயிருந்தது. நான் கூசாமல், "வந்துட்டா அக்கா" என்றேன்.

"வந்தவள வூட்டுல சேத்துக்கிட்டாங்களா?"

"சேத்துக்கிட்டாங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். போலீஸ் கொண்டுபோன பெண்ணை இனி யார் கட்டுவான் என்று லயத்தில் பேசாத வாய் இல்லை. அப்பாவும் அதைக் கேட்டுக் கேட்டுத் தலை குனிந்து நடந்தவர்தான். ஒரு வார்த்தை, "ஆமாம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா இந்தியாவில் பிறந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள், அதனால் அவளை அங்கேயே திருப்பி அனுப்ப அவர்களால் முடியும். நாங்கள் பார்த்துவிட்டு வந்த பிறகு, விசாரணைக்குக் காத்திருக்கிறாயா, கப்பல் ஏறுகிறாயா என்று முகாமில் கேட்டார்களாம். காத்திருந்தால் விட்டுவிடவும் வாய்ப்பு இருந்தது என்று பிறகு ஒருவர் சொன்னார். அக்கா ஒருவரையும் தெரியாத அந்த ஊருக்குப் போகிறேன் என்று அவளாகவே கைநாட்டு வைத்தாள்.