பிடுங்கிப் போட்ட வேப்பங்கிளை

இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். பிறகு அருள்புரம் பக்கம் எங்கள் ஊராட்சித் தேர்தலில் நின்று வார்டு உறுப்பினராக ஜெயித்தேன். பதவியேற்ற அன்றே முதல் புகார் வந்துவிட்டது. பனியன் கம்பெனிக்குப் போகும் சந்தில் சாக்கடை ஸ்லாப் உடைந்திருந்தது. சொன்னவர் அதே சந்தில் குடியிருக்கும் சரஸ்வதி, அந்தக் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் துணியின் ஓரம் தைக்கும் டெய்லர்.

"தெனமும் அதைத் தாண்டித்தானுங்க ஷிப்டுக்குப் போறோம். விழுந்து காலை ஒடைச்சா பொழப்பே போயிருமுங்க."

நேரே ஒன்றிய அலுவலகம் போனேன். என்ஜினியர் எழுந்து கும்பிட்டார், டீ வரவழைத்தார், மனுவைக்கூட முழுதாகப் படித்தார்.

"செஞ்சுடலாமுங்க" என்றார்.

இங்கேதான் கோட்டைவிட்டேன். பட்டாளத்தில் ஒருவன் 'யெஸ் சார்' சொன்னால் வேலை முடிந்த மாதிரி. அதே நினைப்பில் சந்துக்குப் போய், "நாளைக்கு ஸ்லாப் வந்துருமுங்க" என்று பெருமையாக அறிவித்தேன். யாரும் விழாமல் இருக்கப் பள்ளத்தில் அடையாளமாக ஒரு வேப்பங்கிளையை நட்டு வைத்திருந்தார்கள். வேலை நடக்கப்போகிற இடத்தில் இது எதற்கு என்று அதையும் பிடுங்கிப் போட்டேன். அவ்வளவு மிடுக்கு எனக்கு.

மறுநாள் ஸ்லாப் வரவில்லை. போன் செய்தேன். "செஞ்சுடலாமுங்க." அதற்கு மறுநாளும் அதே தேன் ஒழுகும் குரல், அதே பதில். முடியாது என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கோடி புண்ணியம்! சண்டையாவது போட்டிருப்பேன். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

நான்காம் நாள் மாலை, ஷிப்டு விட்ட கூட்டத்தில் சரஸ்வதி பள்ளத்தில் விழுந்தார். வலது கால் முறிந்தது. மெஷின் பெடலை மிதிக்கிற கால்.

ஆஸ்பத்திரியில் அவர் என்னைத் திட்டவில்லை. "கெளை இருந்திருந்தா வெலகிப் போயிருப்பனுங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை பள்ளத்தின் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் கூடியது. செய்தி போய், என்ஜினியரே பைக்கில் வந்து இறங்கினார்.

"ஏனுங்க இப்படி? எந்திரிச்சு ஊட்டுக்குப் போங்க. செஞ்சுடலாமுங்க."

"செஞ்ச பொறவு எந்திரிக்கறனுங்க. கெளைக்குப் பதிலா நான் உக்காந்திருக்கறன்."

சாயங்காலம் நாலு மணிக்கு டிராக்டரில் ஸ்லாப் வந்தது. இறக்கிப் பள்ளத்தை மூட அரை மணி நேரம். இந்த அரை மணி நேர வேலைக்குத்தான் ஒரு கால்.

அடுத்த வாரம் சரஸ்வதி வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"கை நல்லாத்தானுங்க இருக்குது. ஊட்ல உக்காந்தே தெச்ச துணியில நூல் பிசிர் வெட்டற வேலை ஏதாச்சும் சொல்லி உடுங்க."

"செஞ்சுடலாமுங்க" என்று சொல்லி எழுந்தேன்.

சரஸ்வதி என் முகத்தைப் பார்த்தார். "அப்படீங்களா? அப்ப போறப்ப ஒரு கெளையை நட்டுட்டுப் போங்க."

மறுபடி உட்கார்ந்தேன். அங்கிருந்தே தெரிந்த பனியன் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு, மறுநாள் காலை துணிக்கட்டு வரும் என்று அவரையே சரஸ்வதியிடம் பேச வைத்தேன். வந்து இறங்கியதை மறுநாள் போய்க் கண்ணாலும் பார்த்தேன். பதவிக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு என்னிடம் இருப்பது ஒரே புத்திமதி: வேலை முடியும்வரை கிளையைப் பிடுங்காதீர்கள்.